காமன் பண்டிகையும் ஹோலியும் ஒன்றா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் எட்டாவது படிக்கிறாள். அடுத்த வாரம் ஹோலிக்குப் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகலாமா என்று தோழிகளோடு சேர்ந்து நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். என் மாமனார், "அது வடக்கத்திப் பண்டிகை, நமக்கெதுக்கும்மா" என்றார். அவள் விடவில்லை. "அப்ப வசந்த காலத்துக்குன்னு நம்ம ஊர்ல ஒரு பண்டிகையும் இல்லையா தாத்தா?" என்று கேட்டாள். அவருக்கும் பதில் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அன்று ராத்திரி படுத்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பண்ருட்டிப் பக்கம் என் அம்மா பிறந்த ஊர். எனக்கு ஆறேழு வயதிருக்கும். முச்சந்தியில் ஒரு கம்பை நட்டு வைக்கோல் பிரி சுற்றியிருந்தார்கள். ஒரு நாள் ராத்திரி அதைக் கொளுத்தினார்கள். புடவை கட்டிய ஓர் ஆண் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு அழுதார். நான் பயந்துபோய் மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அது என்ன பண்டிகை? ஹோலிக்கும் முதல் நாள் ராத்திரி நெருப்பு மூட்டுகிறார்கள் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? மகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கிறேன்.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி, அது காமன் பண்டிகை. புடவை கட்டி அழுதவர் ரதி வேஷம் போட்டவர். எங்கள் பாட்டி 'காமாண்டி கொளுத்துறது' என்பார். பாகூர்ப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போனபோது சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். விவரமாகச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறார்கள், வரட்டும்.

நெல்லிக்குப்பம் விவசாயி:
அக்கா சொன்னது சரி. எங்கள் தெருவில் இன்னும் நடக்கிறது, இந்த வருஷமும் நட்டாகிவிட்டது.

மாசி அமாவாசைக்கு மேல்மலையனூரில் மயானக் கொள்ளை நடக்கும் இல்லையா, அது முடிந்து மூன்றாம் பிறை தெரிகிற அன்று காமன் நடுவார்கள். குழி தோண்டி, கொட்டைமுத்துச் செடி (ஆமணக்குதான்), கரும்பு இரண்டையும் சேர்த்து நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, நடுநடுவே வரட்டி செருகுவோம். சாயந்திரம் ஆனால் விளக்கு ஏற்றி, பொரிகடலை வைத்துப் படைப்போம். பொரிகடலைக்காகவே பிள்ளைகள் வந்து நிற்கும், நானும் அப்படி நின்றவன்தான். பௌர்ணமி வரைக்கும் தினம் கொஞ்சம் வைக்கோல் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாளில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்.

பௌர்ணமி ராத்திரி ரதியும் மன்மதனும் வேஷம் கட்டித் தெருத்தெருவாக வருவார்கள். வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுப்பார்கள். சிவன் வேஷக்காரர் முச்சந்தியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மன்மதன் கரும்பு வில்லை வளைத்துப் பூவை எறிவார். அவ்வளவுதான், கம்பியில் கட்டிய சீறுவாணம் ஓடிப் போய்க் காமன் மேல் விழும். வைக்கோல் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் ரதி போடும் சத்தம் இருக்கிறதே, அதை நீங்கள் ஆறு வயதில் கேட்டிருக்கிறீர்கள், பயப்படாமல் என்ன செய்வீர்கள்.

மறுநாள் காலையில் அந்தச் சாம்பலை அள்ளி வந்து மாட்டு நெற்றியில் பூசுவோம், மிச்சத்தைக் கரும்புக் கொல்லையில் போடுவோம். மாசி எங்களுக்குக் கரும்பு வெட்டுகிற மாசம். ஆலைக்குப் போகிற வண்டியிலிருந்து நல்ல கழியாக ரெண்டு உருவிக் காமனுக்கு வைப்பது என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேலை.

கெடிலக்கரை:
அண்ணே, படிக்கப் படிக்க அந்த ராத்திரி அப்படியே திரும்பி வருகிறது. நன்றி. ஒரு சந்தேகம். காமனைச் சிவன் எரித்தது நம்ம திருவதிகையில்தானே? வீரட்டானம் என்று சொல்கிறார்களே.

திண்ணை வாத்தியார்:
இல்லை தம்பி. திருவதிகையில் எரிந்தது முப்புரம். சிவன் வீரம் காட்டிய தலங்கள் என்று சொல்லும் அட்ட வீரட்டானம் எட்டில் காமனை எரித்த தலம் திருக்குறுக்கை, இப்போது கொறுக்கை என்பார்கள், மயிலாடுதுறைக்குப் பக்கம். இரண்டிலும் நெருப்பு வருவதால் பலரும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

கதை உங்கள் மகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறேன். தாரகன் என்ற அசுரனின் கொடுமை தாங்கவில்லை. சிவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால்தான் அசுரனுக்கு முடிவு. சிவனோ சதியை இழந்து தவத்தில் இருக்கிறார். பார்வதி பணிவிடை செய்கிறாள், அவர் கண் திறக்கவில்லை. தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். கரும்பு வில், வண்டு நாண், பூ அம்பு, தென்றல் தேர், இதுதான் அவன் படை. தாமரை, அசோகு, மாம்பூ, முல்லை, நீலம் என்று ஐந்து அம்பு. போகாவிட்டால் தேவர் கோபம், போனால் சிவன் கோபம் என்று தெரிந்தே போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். ரதி அழுகிறாள். பிற்பாடு பார்வதி கல்யாணம் ஆனதும் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற உருவம் அவனுக்குக் கிடைக்கிறது. உடம்பு இல்லாதவன் என்பதால்தான் அனங்கன் என்ற பெயர். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் என்றே தனியாக இருக்கிறது.

இனி ஹோலி. நமக்கு மாசியிலோ பங்குனியிலோ வருகிற பௌர்ணமியை வடக்கே பால்குனப் பூர்ணிமை என்கிறார்கள். அன்று ராத்திரி நெருப்பு, மறுநாள் வண்ணம். நெருப்புக்கு அவர்கள் சொல்லும் கதை வேறு. இரணியனின் தங்கை ஹோலிகா, தீ தன்னைச் சுடாது என்ற வரத்தை நம்பிப் பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் உட்கார்ந்தாள், அவள் எரிந்தாள், பிள்ளை பிழைத்தான். பிரகலாதனைத் தீயில் போட்ட செய்தி விஷ்ணு புராணத்திலும் உண்டு, நம் கம்பரின் இரணியன் வதைப் படலத்திலும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் ஹோலிகா என்ற அத்தை கிடையாது. அவள் பின்னால் வந்து சேர்ந்தவள். பவிஷ்ய புராண மரபில் இதே நெருப்புக்கு மூன்றாவதாக ஒரு கதை இருக்கிறது. குழந்தைகளை வதைக்கும் துண்டா என்ற அரக்கியை, பிள்ளைகளே கூடிக் கூச்சல் போட்டு, நெருப்பு மூட்டி விரட்டுவார்கள்.

ஆக நெருப்பு ஒன்று, கதை மூன்று. நெருப்புதான் பழசு, கதைகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்தவை என்பது என் எண்ணம். மீமாம்சை சூத்திரத்துக்குச் சபரர் எழுதிய உரையிலேயே 'ஹோலாகா' என்று ஒரு விழா, கிழக்கு நாட்டார் கொண்டாடுவது என்று வருகிறது.

உப்பளம் ராஜா:
எங்கள் அப்பா சொல்வார், காமன் பண்டிகையே மராட்டியர் தஞ்சாவூருக்கு வந்தபோது கொண்டு வந்தது என்று. காமன் பண்டிகையில் இரண்டு கட்சியாகப் பாடுகிற லாவணி மராத்திப் பெயர்தானே? அப்படிப் பார்த்தால் இதுவும் ஹோலி வேறு உடையில் வந்ததுதான். 'நம்ம பண்டிகை' என்று மகளுக்குச் சொல்வது சரியாக இருக்குமா?

திண்ணை வாத்தியார்:
லாவணி அவர்களோடு வந்தது, அதில் சந்தேகமில்லை. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676-ல் தொடங்கி 1855 வரை நடந்தது. ஆனால் காமன் அவர்களோடு வரவில்லை.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழி எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். 'தையொரு திங்களும் தரை விளக்கி' என்றுதான். தை மாதம் முழுக்கத் தரை மெழுகி, மாசி பிறந்ததும் நுண்மணல் கொண்டு தெருவை அலங்கரித்து, அனங்கதேவா என்று காமனைக் கூப்பிடுகிறாள். வேங்கடவனோடு என்னைச் சேர்த்து வை என்பதுதான் வேண்டுதல். காய்த்த நெல், கரும்பு, கட்டிவெல்லம், அரிசி, அவல் என்று படையலைக்கூடச் சொல்லிவிடுகிறாள். நெல்லிக்குப்பம் தம்பி தெருவில் கரும்பு நட்டுப் பொரி படைக்கிறார் இல்லையா, அதே மாசம், அதே தெரு, அதே கரும்பு. ஆண்டாளின் காலத்தை 8, 9-ம் நூற்றாண்டு என்பார்கள். சிவாஜியின் தம்பி தஞ்சைக்கு வருவதற்கு எண்ணூறு ஆண்டு முந்தி.

இன்னும் பின்னால் போனால் கலித்தொகையில், பாலைக்கலிப் பாட்டுகளில், 'காமவேள் விழவு', 'வில்லவன் விழவு' என்றே வருகிறது. பிரிந்து போன தலைவன் இளவேனில் வந்தும் வரவில்லை, ஊரெல்லாம் காமன் விழா கொண்டாடுகிறது, அவள் மட்டும் தனியாக இருக்கிறாள். சிலம்பில் தேவந்தி கண்ணகியிடம், சோமகுண்டம் சூரியகுண்டம் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழு, கணவனோடு இன்பமாய் இருப்பாய் என்கிறாள். கண்ணகி 'பீடன்று' என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். அந்த இடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மும். அவள் தொழவில்லை என்பது வேறு. பூம்புகாரில் காமனுக்குக் கோயில் இருந்தது, பெண்கள் போனார்கள் என்பது அதிலேயே தெரிகிறதே.

உப்பளம் ராஜா:
ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆண்டாள் பாட்டு வீட்டிலேயே இருக்கிறது, இப்படி யோசித்ததில்லை.

புனே மருமகள்:
நான் கடலூர் முதுநகர்ப் பெண், கல்யாணம் ஆகிப் புனேயில் இருக்கிறேன். நெல்லிக்குப்பம் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே முதல் வருஷம் ஹோலி நெருப்பு மூட்டியபோது மாமியார் கூட நின்றேன். விறகு அடுக்குவதற்கு முன்னால் நடுவில் ஒரு கிளையை நட்டார்கள். இலையைப் பார்த்ததும் 'அட, இது கொட்டைமுத்து ஆச்சே' என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மாமியார் 'எரண்ட்' என்றார். மகாராஷ்டிரத்தில் ஹோலி நெருப்பின் நடுவில் ஆமணக்குதான். சுற்றிலும் வரட்டி. பூரண போளி செய்து நெருப்புக்குப் படைக்கிறார்கள். வண்ணம் பூசுவது பல இடங்களில் அன்றைக்கு இல்லை, ஐந்தாம் நாள் ரங்க பஞ்சமிக்கு.

பாட்டி ஊரில் பார்த்த செடியை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, பாஷை தெரியாத ஊரில், அதே வேலைக்கு நட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் சொந்தமானது.

நெல்லிக்குப்பம் விவசாயி:
ஆமணக்கு ஏன் என்று என் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் வித்துச் செடி, பச்சையாக இருந்தாலும் நன்றாகப் பிடிக்கும் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. புனேக்காரர்களும் அதையே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி.

பஞ்சாங்கம்:
தேதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கெடிலக்கரை அடுத்த வருஷம் குழம்புவார்.

நமக்கு மாசம் சூரியனை வைத்து. வடக்கே பால்குனம் சந்திரனை வைத்து. பௌர்ணமி அன்று நிலா பல்குனி நட்சத்திரத்தை ஒட்டி நிற்பதால் அந்த மாசத்துக்குப் பால்குனம் என்று பெயர், நம் 'பங்குனி'யும் அதே சொல்தான். பல்குனி என்பது நமக்குப் பூரம், உத்திரம். அதற்கு முந்தைய நட்சத்திரம் மகம். மகம், பூரம், உத்திரம் என்று வரிசையாக வருவதைப் பாருங்கள். அதனால் ஹோலி சில வருஷம் மாசி மகத்தை ஒட்டி வரும், சில வருஷம் பங்குனி உத்திரத்தோடு வரும். 2023-ல் மாசி மகம் மார்ச் 6, ஹோலி மார்ச் 8. 2024-ல் பங்குனி உத்திரமும் ஹோலியும் மார்ச் 25 அன்று ஒன்றாகவே வந்தன. காமன் பண்டிகைக்கு மாசி அமாவாசைக்குப் பிறகு வருகிற பௌர்ணமி கணக்கு. இந்த வருஷம் அடுத்தடுத்து வருகிறது.

வைத்திக்குப்பம்:
மாசி மகம் என்றதும் ஒரு வார்த்தை. கெடிலக்கரை அண்ணன் மகளிடம் 'நம்ம ஊர்ல ஒண்ணும் இல்ல' என்று யாரும் சொல்லக் கூடாது. எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு அன்றைக்கு வந்து பாருங்கள். மயிலம் முருகன் மலையிலிருந்து இறங்கி வருவார், திண்டிவனம், தீவனூர் சாமிகள் வரும், மணக்குள விநாயகர் வருவார். வரிசையாகத் தீர்த்தவாரி. உங்கள் பக்கம் தேவனாம்பட்டினத்திலும் அப்படித்தான். சிதம்பரம் தாண்டிக் கிள்ளைக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் வரும்போது அங்கே தர்காவிலிருந்து மரியாதை செய்வார்கள். நிறம் வேண்டுமென்றால் அத்தனை குடையையும் பூ மாலையையும் ஒரே மணலில் பார்க்கலாம்.

உப்பளம் ராஜா:
எல்லாம் சரி. ஆனால் இந்த இழை போகிற திசையில் எனக்கு ஒரு பயம். எல்லாம் ஒன்றுதான் என்று முடித்துவிட்டால், நாளைக்குக் காமன் பண்டிகைக்கு 'தமிழ்நாட்டு ஹோலி' என்று பெயர் வைப்பார்கள். அப்புறம் ரதியும் இருக்க மாட்டாள், கரும்பும் இருக்காது. வண்ணப் பொடி விற்கிறவர் மட்டும் வருவார்.

திண்ணை வாத்தியார்:
ராஜா சொல்கிற பயம் எனக்கும் உண்டு. ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரே பருவத்து நெருப்பு, வேறு வேறு ஊர்.

வடக்கிலும் ஒரே ஹோலி கிடையாது. மதுரா பக்கம் பர்சானாவில் பெண்கள் தடியெடுத்து அடிக்க, நந்தகாவ் ஆண்கள் கேடயம் பிடிப்பார்கள், அது ராதை ஊர், கண்ணன் ஊர் உறவுமுறைக் கேலி. வங்கத்தில் அதே நாள் டோல் பூர்ணிமை, ராதாகிருஷ்ணரை ஊஞ்சலில் வைப்பார்கள். சைதன்யர் 1486-ல் பிறந்ததும் அந்த நாள் என்பதால் வைணவர்களுக்கு அது அவர் பிறந்த நாளும்கூட. பஞ்சாபில் குரு கோவிந்த் சிங் ஆனந்தப்பூரில் 1701-ல் ஹோலா மொஹல்லா என்று போர்ப் பயிற்சி விழாவாக மாற்றினார். கர்நாடகத்தில் அதே பௌர்ணமிக்குக் காமன ஹுண்ணிமே என்றே பெயர். தெலங்கானாவில் காமுனி புன்னமி. விந்தியத்துக்குத் தெற்கே நெருப்பில் இருப்பவன் பெரும்பாலும் காமன்தான்.

ஆனால் ஒன்று, வடக்கும் ஒரு காலத்தில் காமனுக்குத்தான் வண்ணம் இறைத்தது. ஹர்ஷர் பெயரில் வழங்கும் ரத்னாவளி நாடகம் 7-ம் நூற்றாண்டு. முதல் அங்கத்தில் கௌசாம்பி நகரத்து மதன உற்சவம் வருகிறது. தெருவெல்லாம் வண்ணப் பொடி, பீச்சாங்குழலில் நீர், அரசி செவ்வசோக மரத்தடியில் மன்மதனுக்குப் பூசை செய்கிறாள். பிறகு கண்ணன் பக்தி ஓங்கியபோது வண்ணம் கண்ணன் கைக்குப் போயிற்று. இங்கே வண்ணம் காமனோடு ஒட்டவில்லை, கோயில் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டாக இருக்கிறது. முறைப்பையன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றாமல் எந்த ஊர்த் திருவிழா முடிந்தது?

முத்தியால்பேட்டை அக்கா:
பூவைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா. வடக்கே ஏதோ ஒரு செம்பூவை ஊறவைத்துத்தான் முன்பு சாயம் எடுப்பார்களாமே?

திண்ணை வாத்தியார்:
பலாசம் அம்மா, நம் புரசு. அவர்கள் டேசு என்பார்கள். இலையெல்லாம் உதிர்ந்து மரம் முழுக்கத் தணல் போலப் பூத்து நிற்கிற பருவம்தான் ஹோலிப் பருவம். ஆண்டாளும் காமனுக்கு ஊமத்தம்பூவோடு முருக்கம்பூவை வைத்து முப்போதும் வணங்கியதாகப் பாடுகிறாள். முருக்கு புரசா, கல்யாண முருங்கையா என்று உரைகாரர்கள் பேசிக்கொள்ளட்டும், இரண்டும் இதே மாசத்துச் சிவப்புதான்.

டேப்புக்காரர் மகன்:
நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் அப்பா லாவணி பாடியவர், எரியாத கட்சி. நெய்வேலிப் பக்கம் ஒரு ஊர். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பண்டிகை எங்கிருந்து வந்தது என்று பேசுகிற இடத்தில் அதை எப்படிப் பேசினார்கள் என்பதும் வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

கோயில் எதிரே பாய் விரித்து இரண்டு கட்சியும் எதிரெதிரே உட்காருவார்கள். கையில் டேப்பு, தட்டிக்கொண்டு பாடுகிற சின்னப் பறை. ஒரு கட்சி காமன் எரிந்தான் என்று பாட வேண்டும், மற்றது எரியவில்லை என்று பாட வேண்டும். ஒருவர் பாட்டில் கேள்வி போட்டு முடித்தால் எதிராளி அதே மெட்டில் பதில் எடுக்க வேண்டும். புராணம் தெரியாமல் உட்கார முடியாது. அப்பா நாலாவது வரைதான் படித்தவர், கந்தபுராணமும் பாரதமும் அவர் வாயில் தண்ணீராக ஓடும்.

எரிந்த கட்சிக்காரர் சொல்வார், நெற்றிக்கண்ணுக்கு முன்னால் நின்று எரியாத பொருள் மூவுலகில் உண்டா, சாம்பல் இதோ கிடக்கிறது, தாலி அறுத்தவள் இதோ அழுகிறாள், இன்னும் என்ன சாட்சி வேண்டும் என்று. அப்பா டேப்பைத் தட்டிக்கொண்டே எடுப்பார். காமன் செத்தான் என்றால் மாமரம் யார் சொல்லிப் பூத்தது, குயில் யாருக்காகக் கூவுகிறது, அதோ கூட்டத்தில் உன் கட்சிக்காரர் இடுப்பில் ஒன்று கையில் ஒன்று வைத்திருக்கிறாரே, அந்தப் பிள்ளைகள் எப்படி வந்தன என்பார். கூட்டம் ஆரவாரம் செய்யும்.

ஒரு வருஷம் அப்பா ஒரு கேள்வி போட்டார். காமன் எரிந்தது நிஜமென்றால் சிவனுக்கு முருகன் எப்படிப் பிறந்தான்? நல்ல கேள்வி என்று எல்லோரும் நினைத்தோம். எதிர்க்கட்சியில் ஒரு பெரியவர், சிரிக்காமல், மெதுவாக எடுத்தார். முருகன் காமனால் பிறந்தவன் இல்லையடா தம்பி, நெற்றிக்கண் பொறி ஆறிலே பிறந்தவன், எந்த நெருப்பு காமனை அழித்ததோ அந்த நெருப்புதான் கந்தனைக் கொடுத்தது என்றார். அப்பா டேப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அவர் காலைத் தொட்டார். பாட்டு நின்றுபோய்விட்டது. அப்புறம் அவரே அப்பாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, சரி, பதில் பாடு என்றார். அப்பா பாடிய பதில், அந்தப் பொறியைச் சிவன் விடுவதற்கு முன் உமையை மணந்தாரே, அந்தக் கல்யாண ஆசையை யார் தந்தது என்பது.

விடிந்த பிறகும் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். இரண்டு கட்சிக்கும் ஒரே மாதிரி வெற்றிலை பாக்கு, ஒரே மாதிரி துண்டு. அப்பா கடைசியாகப் பாடியதை நான் பதிவு செய்து வைக்கவில்லை. அப்போது என் கையில் கேமரா போன் இருந்தது. அது இன்றைக்கும் என்னைத் தின்கிறது. உங்கள் ஊரில் பாட ஒருவர் இருந்தாலும் போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
இரண்டு முறை படித்தேன் தம்பி. உன் அப்பாவைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

நான் ரதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் சித்தி ஊரில் ரதி ஒப்பாரி தொடங்கியதும் ஆண்கள் கொஞ்சம் விலகிப் போய் நிற்பார்கள். பெண்கள்தான் முன்னால் வருவார்கள். என் சித்தி முப்பது வயதில் சித்தப்பாவை இழந்தவள். வருஷம் முழுக்க அவள் அழுது நான் பார்த்ததில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள், கொல்லை வேலை இருக்கிறது. காமன் எரிகிற ராத்திரி மட்டும் ரதி வேஷக்காரர் பாடும் ஒப்பாரியோடு சேர்ந்து அடிவயிற்றிலிருந்து அழுவாள். யாரும் தடுக்க மாட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்களும் குழந்தை இல்லாதவர்களும் அந்தக் காமனையே சுற்றி வந்து வேண்டிக்கொள்வார்கள். அதனால் மகளிடம் இதை வெறும் நெருப்பு விளையாட்டாகச் சொல்லாதீர்கள்.

ஹட்டன் வேர்:
என் தாத்தா பாட்டி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் காமன் கூத்துதான் மாசியின் பெரிய நிகழ்வு என்பார் பாட்டி. இங்கிருந்து கப்பலேறிப் போனபோது கையில் எதுவும் கொண்டு போகாதவர்கள் இதைக் கொண்டு போயிருக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே நடக்கிறது, படித்த இளைஞர்கள் வேஷம் கட்டுகிறார்கள்.

உப்பளம் ராஜா:
பிரகலாதன் கதைக்கும் நாம் அந்நியமில்லை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கிரிகுடி, பூவரசங்குப்பம், பரிக்கல் மூன்று நரசிம்மரையும் ஒரே நாளில் பார்க்கிற குடும்பங்கள் கடலூர், புதுச்சேரியில் எத்தனை! இங்கே அந்தக் கதை தூணில் முடிகிறது, அங்கே தீயில். மகள் ஹோலிக்குப் போனால் இதையும் தெரிந்துகொண்டு போகட்டும். நான் முதலில் கேட்ட கேள்வியை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டேன்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டேப்புக்காரர் மகன் எழுதியதைப் படித்த அன்றே மாமாவுக்குப் போன் செய்தேன். "நடுறாங்க, ஆனா சின்னதா" என்றார். நேற்று ராத்திரி மகளையும் மாமனாரையும் அழைத்துக்கொண்டு போய்வந்தோம்.

சின்னதுதான். என் மார்பளவுதான் இருந்தது காமன். ரதி வேஷம் கட்ட ஆள் இல்லை, மன்மதனாக ஒரு கல்லூரிப் பையன் கரும்பை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். கொளுத்தினார்கள். என் மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதைப் பார்த்தேன். அவருக்குத் தன் ஊரில் நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, திரும்பி வரும்போது பண்ருட்டியிலிருந்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

நெருப்பு அடங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை மாமா காட்டினார். எண்பதுக்கு மேல் இருக்கும். லாவணி பாடினவராம். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தாத்தா, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டாள். எரிந்த கட்சி என்றார். டேப்பு இல்லை, திண்ணைப் பலகையில் தட்டிக்கொண்டு பாடினார். நடுவில் இரண்டு இடத்தில் வரி மறந்து நின்றார், பிறகு தானே பிடித்துக்கொண்டார். மகள் போனில் பதிவு செய்திருக்கிறாள், பதினொரு நிமிஷம். பாடி முடித்து, "இப்ப எரியாத கட்சி பதில் சொல்லணும், யாரு இருக்கா?" என்றார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

டேப்புக்காரர் மகனே, பதிவை உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் அப்பா பக்கத்துப் பாட்டு ஏதாவது உங்களுக்கு நினைவிருந்தால் எழுதிக் கொடுங்கள். ஹோலிக்குக் கடற்கரைக்குப் போய் வந்ததும் அதைப் பாடம் பண்ணிக்கொண்டு அடுத்த மூன்றாம் பிறைக்கு அந்தத் தாத்தாவிடம் போகிறேன் என்கிறாள்.

டேப்புக்காரர் மகன்:
முழுசாக இரண்டு பாட்டு நினைவிருக்கிறது. மூன்றாவது பாதிதான். இன்றைக்கு ராத்திரியே எழுதி அனுப்புகிறேன். மெட்டு எழுத்தில் வராது, பாப்பாவிடம் போனைக் கொடுங்கள், பாடிக் காட்டுகிறேன்.